மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஆயுள் காப்பீடு: மறைக்காமல் கேளுங்கள்

"ஆரம்பத்திலேயே பார்த்துட்டாங்க, ஆபரேஷன் முடிஞ்சு கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) வெச்சாச்சு. இனிமே எனக்கு யாராவது பாலிசி தருவாங்களா?" மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. ஆயுள் காப்பீட்டு முகவராக என் பதில்: வாய்ப்பு உண்டு. ஆனால் உடனே கிடைக்காது, எல்லோருக்கும் கிடைக்காது, சாதாரண பிரீமியத்தில் கிடைப்பது அரிது. அதை விரிவாகப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். ஏற்கெனவே என்ன பாலிசி இருக்கிறது?

பலருக்கு ஏதாவது ஒன்று இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா போட்டுவைத்தது, வேலையில் சேர்ந்தபோது சம்பளத்தில் பிடித்தம் வைத்து எடுத்தது. நோய் வருவதற்கு முன் உண்மை சொல்லி எடுத்த பாலிசியை, பிறகு நோய் வந்துவிட்டது என்பதற்காகக் கம்பெனி ரத்து செய்ய முடியாது. பிரீமியத்தையும் அதற்காக உயர்த்த முடியாது. ஆனால் சிகிச்சைச் செலவில் வீடு திணறும்போது முதலில் நின்றுபோவது இந்தப் பிரீமியம்தான். மாதத் தவணைக்கு 15 நாள், மற்றத் தவணைகளுக்கு 30 நாள் சலுகைக்காலம். அதற்குள்ளும் கட்டாவிட்டால் காப்பீட்டுப் பாதுகாப்பு நின்றுவிடும், அல்லது வெகுவாகக் குறைந்துவிடும். மறுபடி புதுப்பிக்கப் போனால் புதிதாக உடல்நல உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

இதில் ஒரு குடும்பம் சிக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கீமோ நடந்த மாதங்களில் அந்த அம்மாவின் பாலிசிக்குப் பணம் கட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பிறகு நிலுவையை வட்டியோடு கட்டிப் புதுப்பித்தார்கள். உடல்நலப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று யாரோ நிரப்பிக் கொடுக்க, அவர் கையெழுத்துப் போட்டார். நோய் திரும்பி வந்து அவர் இறந்தபோது, கம்பெனி மருத்துவமனைக் காகிதங்களை வாங்கிப் பார்த்து க்ளெய்மை நிராகரித்தது. "இத்தனை வருஷம் கட்டினோமே சார்" என்று கணவர் அழுதார். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 3 ஆண்டுகள் கழிந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்கிறது. ஆனால் புதுப்பித்த பாலிசிக்கு அந்த 3 ஆண்டுகள் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அதனால் வீட்டில் யாருக்கு நோய் என்று தெரிந்தாலும், அந்த வாரமே பாலிசிப் பத்திரங்களைத் தேடி எடுங்கள். பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுங்கள். பத்திரத்தில் கிரிட்டிக்கல் இல்னஸ் ரைடர், அதாவது கடும் நோய் வந்தாலே ஒரு தொகை தரும் கூடுதல் சேர்க்கை, இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் பூஜ்ய நிலைப் புற்றுநோயை அந்த ரைடரின் வழக்கமான வரையறை ஏற்காது.

சரி, புதுப் பாலிசிக்கு வருவோம். கம்பெனியில் முடிவெடுப்பவர் அண்டர்ரைட்டர். 'புற்றுநோய்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார் என்று நினைக்காதீர்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்கு உள்ளேயா, அக்குள் நிணநீர் முடிச்சுக்குப் பரவியதா, கிரேடு (புற்றுச் செல்களின் வீரியம்) எத்தனை, கட்டியின் வகையைக் காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 பரிசோதனைகளில் என்ன வந்தது, அறுத்தெடுத்த பகுதியின் விளிம்பு புற்றுநோய் இல்லாமல் சுத்தமாக இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சை எந்தத் தேதியில் முடிந்தது என்று பார்ப்பார். இவை பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய ரிப்போர்ட்டிலும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. இந்தக் காகிதங்களை மருத்துவமனையை விட்டு வரும்போதே நகலெடுத்து வையுங்கள். வருடங்கள் கழித்துப் போய் ரெக்கார்டு செக்‌ஷனில் நிற்பது பெரிய அலைச்சல்.

சிகிச்சை முடிந்த சூட்டோடு விண்ணப்பித்தால் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். சில ஆண்டுகள் நோய் திரும்பாமல் கடந்த பிறகு, கூடுதல் பிரீமியத்தோடு ஏற்பது நடக்கிறது. அந்தக் கூடுதல் சில சமயம் காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் இருக்கும். ஆசைப்பட்டு ஒரே நேரத்தில் நாலு கம்பெனிக்கு விண்ணப்பிக்காதீர்கள். வேறு கம்பெனி உங்களை மறுத்ததா, தள்ளிவைத்ததா என்று படிவத்திலேயே கேட்பார்கள். முதலில் ரிப்போர்ட்டுகளைக் காட்டி, முகவர் மூலமாக அண்டர்ரைட்டரின் கருத்தை முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பது நல்லது.

படிவத்தில் அதிகம் சறுக்குகிற இடம் மாத்திரைக் கேள்வி. "தற்போது மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் 'இல்லை' என்கிறார்கள். ஆனால் நோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது 5 ஆண்டோ அதற்கு மேலுமோ தொடரும் மருந்து. கேட்டவர்களுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும். போனில் மருத்துவக் கேள்விகள் கேட்கும்போதும் அப்படியே. பக்கத்தில் கணவர் சைகை காட்டினாலும் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி நீட்டும் காகிதக் கட்டிலும் ஓர் உடல்நல உறுதிமொழி இருக்கக்கூடும். அதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

"மூணு வருஷம் ஓட்டிட்டா யாரும் கேட்க முடியாதும்மா, போட்டுடுங்க" என்று என் தொழிலிலேயே சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். பலருக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுதலாக இருப்பதே முதல் சில ஆண்டுகளில்தான். அதற்குள் ஏதாவது ஆகி, வேண்டுமென்றே மறைத்தது மோசடி என்று முடிவானால், குழந்தைகளுக்குக் காப்பீட்டுத் தொகையும் வராது, கட்டிய பிரீமியமும் திரும்பாது. இன்னொன்று இதைவிட மோசம்: கட்டி தெரிந்த பிறகு, பாலிசி கைக்கு வரட்டும் என்று பயாப்ஸியைத் தள்ளிப்போடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விண்ணப்பித்து, இன்னும் ஏற்கப்படாத இடைவெளியில் நோய் தெரியவந்தாலும் கம்பெனிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பிரான்ஸில் 2022இல் வந்த சட்டப்படி, சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் நோய் திரும்பாதவர்கள், கடனுக்கான காப்பீட்டில் பழைய புற்றுநோயைச் சொல்லவே வேண்டியதில்லை. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. வந்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை.

காத்திருக்கும் ஆண்டுகளில் வெறுங்கையோடு இருக்க வேண்டியதில்லை. பிஎஃப் பிடித்தம் உள்ள வேலையில் இருப்பவர் பணியில் இருக்கும்போது இறந்தால், ஈடிஎல்ஐ என்ற, பிஎஃப் உடன் சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு மருத்துவப் பரிசோதனையும் இல்லை, உங்கள் சம்பளத்தில் பிடித்தமும் இல்லை. நாமினி விவரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பீடு உண்டு. 50 வயது வரை சேரலாம், மருத்துவப் பரிசோதனை கிடையாது. அலுவலகத்தின் குரூப் பாலிசியிலும் ஒரு வரம்பு வரை பரிசோதனை இல்லாமல் சேர்ப்பதுண்டு. வேலையை விடுவதற்கு முன் ஹெச்.ஆரிடம் அதைக் கேளுங்கள்.

தள்ளிவைத்தால் மனம் உடைந்து கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். எத்தனை மாதம் கழித்து வரலாம், அப்போது எந்த ரிப்போர்ட் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதி வந்ததும், புதிய மேமோகிராமும் மருத்துவரின் ஃபாலோ-அப் கடிதமும் சேர்த்து அதே கம்பெனிக்கு மறுபடி அனுப்புங்கள்.