மல்லாக்க விழுவது எப்படி?

அமெரிக்காவில் புரோ ரெஸ்லிங், அதாவது டி.வி.யில் காட்டும் மல்யுத்தக் காட்சி, கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு முதல் பாடம் அடிப்பது இல்லை, விழுவது. குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, மூச்சை வெளியே விட்டபடி பின்னால் சாய வேண்டும். முதுகின் மேல்பாதி தரையில் படும் அதே நொடியில் இரண்டு உள்ளங்கைகளும் பக்கவாட்டில் தரையை அறைய வேண்டும். ஒழுங்காக வந்தால் ஒரே சத்தமாகக் கேட்கும். தனித்தனியாகக் கேட்டால் எங்கோ தப்பு. எழுந்து மறுபடி விழு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பம்ப்'.

அதெல்லாம் டூப்பு ஆச்சே என்பீர்கள். ஆமாம், யார் ஜெயிக்கப் போகிறார் என்பது ரிங்கில் ஏறும் முன்பே இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு விழுவதால் மட்டும் தரை மெத்தென்று ஆகிவிடாது.

முதலில் தலையைப் பார்ப்போம். ஆறடி மனிதர் ஒருவர் உடம்பை வளைக்காமல், வெட்டிய தென்னை மரம் மாதிரி பின்னால் சாய்கிறார் என்று வையுங்கள். குதிகால் ஊன்றிய இடத்திலேயே நிற்கிறது. தலை பெரிய வட்டம் போட்டு வருகிறது. கணக்குப் போட்டால், தரையைத் தொடும்போது தலையின் வேகம் மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர். அதே ஆறடி உயரத்திலிருந்து ஒரு தேங்காயைக் கீழே போட்டால்கூட சுமார் 22 கிலோமீட்டர்தான் வரும். அதாவது, விறைப்பாகச் சாய்கிறவரின் தலை, தானாக விழும் தேங்காயைவிட வேகமாகத் தரைக்கு வருகிறது. முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, அப்புறம் முதுகை உருட்டி விழச் சொல்வது இதற்காகத்தான். தலை சுற்றிவரும் வட்டம் சின்னதாகிறது, வேகம் குறைகிறது.

அடுத்தது கை. கீழே விழும்போது கையை ஊன்றுவது நம் உடம்போடு பிறந்த பழக்கம். சின்ன வயதில் டி.வி.யில் பார்த்ததை அப்படியே வீட்டில் செய்துபார்த்ததில், என் சித்தப்பா பையன் கட்டிலிலிருந்து இறங்கியது மெத்தையில் இல்லை, சிமெண்டுத் தரையில். இடது கையை ஊன்றினான். மணிக்கட்டில் மாவுக்கட்டு, பள்ளிக்கூட விடுமுறை மொத்தமும் போச்சு. மொத்த உடம்பின் பாரமும் உள்ளங்கை அகலத்துக்குள் இறங்கினால் மணிக்கட்டு எலும்பு என்ன செய்யும்? அதே பாரம் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள அகலமான முதுகிலும் நீட்டிய இரண்டு கைகளிலும் பரவினால் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் வருவது கொஞ்சம்தான். ஜூடோக்காரர்களும் இதையே செய்கிறார்கள். அவர்கள் அதை 'உகெமி' என்பார்கள். கையால் தரையை அறைவது வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, பின்னால் ஊன்றத் துடிக்கும் கைக்கு அது வேறு ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது, தரை. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. விழுந்த உயரத்தை, உடம்பு நின்றுபோக எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால், உடம்பு தன் எடையைப் போல ஏறக்குறைய எத்தனை மடங்கு விசையைத் தாங்குகிறது என்று தெரியும். ஒரு மீட்டர் விழுந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் நூறு மடங்கு; 90 கிலோ ஆளுக்கு ஒன்பது டன். பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால் பத்து மடங்குதான். இந்த ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கொடுப்பதுதான் ரிங்கின் வேலை. கீழே இரும்புச் சட்டம், மேலே மரப்பலகைகள், அதன்மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றையும் மூடி இழுத்துக்கட்டிய கேன்வாஸ். பலரும் ஃபோம்தான் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறார்கள். அது ஒரு அங்குலம் இருந்தால் பெரிய விஷயம். வளைந்து கொடுப்பது பலகையும் சட்டமும்தான்.

அந்தப் பெரிய 'டமார்' சத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. பலகைக்கு அடியில் காலி இடம். கிட்டத்தட்ட ஆள் படுத்து எழும் அளவுக்கு ஒரு தவில். சத்தமாகப் போய்விடுவதால் அடி குறைகிறது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. ஒலியாக வெளியேறும் ஆற்றல் மிகக் கொஞ்சம். சத்தம் பார்வையாளர்களுக்கு, வளைவு ரெஸ்லருக்கு. உதைக்கும்போது கேட்கும் 'பளார்' மட்டும் பெரும்பாலும் சொந்தத் தொடையில் தட்டுவது. நம் கண் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும், காது அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும்.

மேஜை உடைவதும் இதே கணக்கில்தான் வரும். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். மிக் ஃபோலி என்ற ரெஸ்லர், ரிங்கை மூடிய இரும்புக்கூண்டின் உச்சியிலிருந்து, ஏறத்தாழ 16 அடி உயரம், வர்ணனையாளர் மேஜைமேல் விழுந்தார். மேஜை நொறுங்கி ஆற்றலைத் தின்றது. மறுபடி ஏறினார். கூண்டின் கூரை எதிர்பாராமல் பிய்ந்துகொண்டு ரிங்குக்குள்ளேயே விழுந்தார். அங்கே உடைவதற்கு எதுவும் இல்லை. நினைவு தப்பிப்போனது இந்த இரண்டாவது விழுகையில்தான்.

பெரிய கம்பெனியின் ரிங் பார்த்துப் பார்த்துக் கட்டப்பட்டது. இண்டி ரெஸ்லர், அதாவது நிரந்தர ஒப்பந்தம் இல்லாமல் ஊர் ஊராகப் போய் ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி வாங்குபவர், அன்றைக்கு அந்த ஹாலில் என்ன ரிங் இருக்கிறதோ அதில்தான் விழ வேண்டும். பெரிய கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ-யின் ரிங் 20 அடிச் சதுரம். இவர்களுக்கு 16, 18 அடி. ஒன்று நன்றாக வளைந்து கொடுக்கும், இன்னொன்று கருங்கல். அதனால் வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு, காலி ரிங்கில் ஏறி நடுவே குதிகாலால் தட்டிப் பார்ப்பார்கள், கயிற்றில் முதுகைச் சாய்த்து இழுவை பார்ப்பார்கள். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பார்க்கிற மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் ஒரு 'பம்ப் கார்டு' உண்டு, ஒவ்வொரு விழுகைக்கும் அதில் ஒரு ஓட்டை விழுகிறது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சும் இருக்கிறது.

பிரையன் டேனியல்சன் அப்படி வந்தவர். வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் ஊர்க்காரர். டெக்ஸாசில் பயிற்சி எடுத்து 1999-இல் 18 வயதில் தொடங்கியவர், பத்து வருடம் இண்டியில் சுற்றினார். ஜிம்னாசியம், சமூகக் கூடம், ஜப்பான், இங்கிலாந்து. 2014-இல் டபிள்யூடபிள்யூஇ-யின் வருடாந்தரப் பெரிய விழாவான ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டத்தில் பட்டம் ஜெயித்தார். அடுத்த மாதமே கழுத்தில் அறுவை சிகிச்சை; நரம்பு நசுங்கி வலது கையில் பலம் குறைந்திருந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று சியாட்டில் மேடையில் ஓய்வை அறிவித்தார். ஆட வந்த முதல் ஐந்து மாதத்திலேயே தலையில் அடிபட்டு மூன்று முறை மூளை அதிர்ச்சி ஆகியிருந்தது என்று அங்கே சொன்னார்.

மேலே சொன்ன தந்திரம் எதுவும் செல்லுபடியாகாத இடம் மூளை. மண்டைக்குள் திரவத்தில் மிதக்கும் சுமார் 1.4 கிலோ மென்மையான பொருள் அது. முதுகு நின்றாலும், மண்டை நின்றாலும், அது ஒரு கணம் போய்க்கொண்டே இருக்கும். நேராக வரும் அடியைவிடத் தலை சட்டென்று சுழல்வது மோசம். நரம்பிழைகள் உள்ளே முறுக்கி இழுபடுகின்றன. தாடையை நெஞ்சில் ஒட்டிவைப்பது தலையை உடம்போடு ஒரே கட்டையாக்கி, அந்தச் சுழற்சியைக் குறைக்கத்தான். ஆனால் சில ஆட்டங்களுக்கு அந்தப் பாடமே பொருந்தாது. மூலைக் கம்பத்தில் ஏறி, கீழே கிடப்பவர்மேல் தலையாலேயே பாய்வது டேனியல்சனுக்குப் பழக்கமான அடி. அதே பாய்ச்சலைப் பல வருடம் செய்த கிறிஸ் பெனுவா 2007-இல் இறந்தபின் மூளையைச் சோதித்த மருத்துவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்கியவர்களிடம் காணும் சேதத்தை அதில் கண்டார்கள்.

டேனியல்சனுக்கு 2018 மார்ச்சில் மருத்துவர்கள் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து ஆட்டத்தோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். இன்னும் ஆறு வருடம் ஆடினார். 2024 அக்டோபரில், சொந்த மாநிலத்து டகோமாவில், அப்போது வைத்திருந்த வேறொரு பட்டத்தை இழந்து முழுநேர ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அப்போது வயது 43. முதல் ஆட்டம் ஆடி 25 வருடம் ஆகியிருந்தது.