துகள் எத்தனை என்பதோடு நிற்காதீர்கள், படத்தையும் கேளுங்கள்

நாகப்பட்டினம் தொடங்கி வேதாரண்யம் வரை இறால் குட்டை நடத்துபவர்களுக்குத் தண்ணீர் ரிப்போர்ட் புதிதல்ல. பிஎச், உப்பு, அம்மோனியா, காரத்தன்மை என்று எண்கள் வரிசையாக இருக்கும். எது கூடினால் என்ன செய்வது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதே தாளில் ‘ஒரு மில்லியில் 40,000 துகள், சராசரி 12 மைக்ரான்’ (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஒரு வரி இருந்தால் சோதனைக்கூடத்துக்குப் போன் வரும்: “சார், இது நல்லதா கெட்டதா?”

அந்த வரியை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. 40,000 துகளும் டையாட்டம் எனும் நல்ல வகைப் பாசி என்றால் சந்தோஷப்படலாம். நீலப்பச்சைப் பாசி என்றால் கவலைப்பட வேண்டும். வெறும் வண்டல் என்றால் இரண்டுக்கும் அவசியமில்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று கரையில் நாம் இறக்கிப் பார்க்கும் செக்கி தட்டுக்கும் இதே குறை உண்டு. தட்டு 35 சென்டிமீட்டரில் மறைகிறது என்றால், மறைத்தது பாசியா சேறா என்று அது சொல்லாது.

ஃப்ளோ இமேஜிங் மைக்ரோஸ்கோப் இந்த இடத்தில்தான் உதவுகிறது. சாம்பிளை ஒரு பம்ப் இழுத்து, மெல்லிய கண்ணாடிப் பாதை வழியாக ஓடவிடும். அந்தப் பாதையை ஃப்ளோ செல் என்பார்கள். ஒரு பக்கம் விளக்கு விட்டுவிட்டுப் பளிச்சிட, மறுபக்கம் லென்ஸோடு கேமரா படமெடுக்கும். ஒவ்வொரு துகளையும் மென்பொருள் தனியாக வெட்டியெடுத்து நீளம், அகலம், எந்த அளவுக்கு வட்டம், எந்த அளவுக்கு ஒளி ஊடுருவுகிறது என்று அளந்து, படத்தோடு சேர்த்து வைக்கும். சுமார் 2 மைக்ரானிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இதன் எல்லை.

இதற்கு முன்பு என்ன செய்தோம்? இப்போதும் பெரும்பாலான இடங்களில் அதுதான் நடக்கிறது. செட்விக்-ராஃப்டர் கண்ணாடி அறை: 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம், சரியாக ஒரு மில்லி பிடிக்கும், ஆயிரம் கட்டங்கள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். பழகிய கண் இனத்தையே சொல்லிவிடும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பதினைந்து குட்டை சாம்பிள் ஒரே காலையில் வந்து இறங்கினால் அந்தக் கண்ணும் களைத்துவிடும். துகளில் பட்டு லேசர் ஒளி சிதறுவதை வைத்து அளவு சொல்லும் லேசர் டிஃப்ராக்‌ஷன் கருவி வேகமானதுதான். ஆனால் அது துகளெல்லாம் உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும், படம் எதுவும் தராது.

இந்தப் படமெடுக்கும் உத்தி வளர்ந்ததே கடல் மிதவை உயிர்களுக்காகத்தான். 1990-களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பிகலோ கடலாய்வுக் கூடத்தில் இந்த வகைக் கருவியான ஃப்ளோகேம் உருவானது. பிறகு மருந்துத் தொழிற்சாலைகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஊசி மருந்தில் கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பி, 788-ஆம் பிரிவில் வரம்பு வைத்திருக்கிறது. நிழலை வைத்து எண்ணும் முறையில், 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் என்றால், ஒரு மில்லியில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 25-க்கு மேல் கூடாது, 25 மைக்ரானும் அதற்கு மேலும் 3-க்கு மேல் கூடாது. ஆனால் புரத மருந்துகளில் புரதமே ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் திரள் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி, சரியாக நிழல் விழாது, எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் உள்பூச்சாக இருக்கும் சிலிகோன் எண்ணெயின் துளிகளோ எண்ணிக்கையில் ஏறிக்கொள்ளும். படத்தில் பார்த்தால் எண்ணெய்த் துளி சுத்தமான வட்டம், புரதத் திரள் நார் நாராக, ஒழுங்கில்லாமல். திரள் என்றால் நோயாளியின் உடல் அந்த மருந்தையே எதிர்க்கத் தொடங்கலாம் என்ற பயம் உண்டு. எண்ணெய்த் துளிக்கு நடவடிக்கையே வேறு.

2008-ல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் நடந்தது எனக்குப் பிடித்த உதாரணம். இதே குடும்பத்தைச் சேர்ந்த இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட் என்ற கருவி போர்ட் அரான்சஸில் தண்ணீரைத் தானாகவே படமெடுத்துக்கொண்டிருந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நஞ்சுள்ள டைனோஃபைசிஸ் பாசி திடீரென்று பெருகியதைப் படங்கள் காட்டிக்கொடுத்தன. அந்தப் பகுதியில் சிப்பித் திருவிழா நெருங்கிய சமயம். சிப்பி எடுப்பதை நிறுத்தி, சந்தைக்குப் போனதையும் திரும்பப் பெற்றார்கள். யாருக்கும் நோய் வந்ததாகத் தகவல் இல்லை.

சரி, நம் டெல்டா தண்ணீருக்கு வருவோம். இங்கே முதல் சிக்கல் வண்டல். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டிக் கடைமடைக்குப் புதுத்தண்ணீர் வரும்போதும் சரி, ஐப்பசி மழையில் உப்பனாறு கலங்கும்போதும் சரி, படமெல்லாம் சேறாகத்தான் இருக்கும். வண்டல் என்பதே 2 முதல் 63 மைக்ரான் வரையிலான துகள், பாசியின் அளவும் ஏறத்தாழ அதே. இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீல ஒளி பட்டால் பச்சையம் 680 நானோமீட்டர் பக்கத்தில் சிவப்பாக ஒளிரும், மண் ஒளிராது. ஒளிரும் துகளை மட்டும் படமெடுக்கும்படி கருவியை வைத்துவிட்டால் சேறு ஒதுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல் பாசியின் வடிவம். மழையில் உப்பு இறங்கி, தீவனக் கழிவும் சேர்ந்த குட்டையில் நீலப்பச்சைப் பாசி தலையெடுக்கும். அதில் சில வகைகள்தான் இறாலில் மண் வாடையைக் கொண்டுவந்து விலையைக் கெடுப்பவை. நூல் மாதிரி வளரும் வகையான ஆசிலடோரியாவில் நூல் ஒன்று 300 மைக்ரான் நீளம், 6 மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதே பரப்புள்ள வட்டமாக மாற்றினால் விட்டம் 48 மைக்ரான் வரும். ரிப்போர்ட்டில் ‘48 மைக்ரான்’ என்று படித்தவர் உருண்டையான எதையோ நினைத்துக்கொள்வார். கூட்டமாக வளரும் மைக்ரோசிஸ்டிஸ் வகை இன்னும் மோசம். நூற்றுக்கணக்கான செல்கள் சேர்ந்த ஒரு கூட்டத்தைக் கருவி ‘1’ என்று எண்ணும். பாசி பெருகப் பெருகத் துகள் எண்ணிக்கை குறைந்த மாதிரிகூடத் தோன்றலாம்.

அப்புறம் கருவியின் சேட்டைகள். காற்றுக் குமிழி அழகான வட்டமாக, கருப்பு விளிம்போடு வந்து எண்ணிக்கையில் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியில் ஒட்டிய ஒரே துகள் படத்துக்குப் படம் வரும், மென்பொருளில் அதை நீக்கச் சொல்லியிருக்க வேண்டும். கலக்காமல் வைத்தால் கனமானது அடியில் தங்கிவிடும், முதலில் ஓடிய தண்ணீரும் கடைசியில் ஓடியதும் வேறுவேறு கணக்குச் சொல்லும். பின்னணியை விட எவ்வளவு இருட்டாக இருந்தால் துகள் என்று எடுத்துக்கொள்வது என்ற வரம்பைச் சற்று மாற்றினாலே எண்ணிக்கை மாறும். பத்து மடங்கு லென்ஸுக்குச் சுமார் 100 மைக்ரான் கனமுள்ள ஃப்ளோ செல் போடுவதால், அடைக்காமல் இருக்க முதலில் சல்லடையில் வடிகட்டுவார்கள். வடிகட்டியில் நின்றது ரிப்போர்ட்டில் வராது. எத்தனை துகளைப் பார்த்துக் கணக்குச் சொன்னார்கள் என்பதையும் கேளுங்கள். 100 பார்த்திருந்தால் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். பத்தே பார்த்திருந்தால் முப்பது சதவீதம் ஆடும்.

கருவி விற்பவர்களின் பேச்சைக் கேட்டு, இதில் நோயும் தெரியும் என்று சிலர் நம்புகிறார்கள். தெரியாது. வெள்ளைப்புள்ளி வைரஸ் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. இறாலின் வளர்ச்சியைக் கெடுக்கும் இஎச்பி ஒட்டுண்ணியின் ஸ்போர் (வித்து) இரண்டு மைக்ரானுக்குள். விப்ரியோ பாக்டீரியா குச்சியின் அகலம் அரை மைக்ரான் சுமார். படத்தில் ஏதோ புள்ளியாக வந்தாலும் அதை விப்ரியோ என்று சொல்ல வழியில்லை. வைரஸுக்கும் இஎச்பிக்கும் மரபணுவைத் தேடும் பிசிஆர், விப்ரியோவுக்குத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது என்று அவை தனிச் சோதனைகள்.

இந்தக் கருவி சின்னச் சோதனைக்கூடம் வாங்கும் விலையில் இல்லை. பல்கலைக்கழகத்திலோ பெரிய நிறுவனத்திலோ கொடுத்துப் பார்ப்பவர்கள் எண்களோடு படத் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். எந்த லென்ஸ், எத்தனை மைக்ரான் சல்லடை, எத்தனை மடங்கு நீர்த்தது, எவ்வளவு தண்ணீர் உண்மையில் படமாகியது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். காலையில் ஒரு மூலையில் எடுத்ததை மாலையில் இன்னொரு மூலையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் வெயில் படாமல், குளிர்ச்சியாக, சில மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். தூரம் என்றால் பாசியைக் கெடாமல் வைக்கும் லூகால் அயோடின் ஊற்றலாம். ஆனால் அதன் பிறகு பச்சையத்தின் ஒளிர்வை எதிர்பார்க்க முடியாது, சேற்றைப் பிரிக்கும் அந்த வழியும் அடைந்துவிடும். ஊற்றிய பாட்டில் நிறத்திலேயே தெரிந்துவிடும், ஆனால் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை லேபிளில் எழுதினால்தான் சோதனைக்கூடத்தில் எங்களால் கணக்கில் கழிக்க முடியும்.