சளி மூக்கில், மூட்டம் மூளையில்

காய்ச்சல் போய்விட்டது, இருமலும் நின்றுவிட்டது. ஆனால் அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. கொரோனா வந்து போனவர்கள் பலர் சொன்ன இந்த மந்தத்துக்கு ‘மூளை மூட்டம்’ என்று பெயர் வந்தது. எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. பிரமை இல்லை.

விசித்திரம் என்னவென்றால், கொரோனாவில் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் வைரஸ் மிகக் குறைவாகத்தான் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. பிறகு எப்படிச் சேதம்?

முதல் துப்பு மூக்கில் கிடைத்தது. வாசனை போனவுடன், அதை உணரும் நரம்பையே வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதம் வேண்டும். அந்தப் புரதம் வாசனை நரம்புச் செல்களில் இல்லை, அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது என்று 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சமையல்காரர் படுத்துவிட்டார், பந்தியில் இருப்பவர் பட்டினி. அவ்வளவுதான். பலருக்கு ரசத்தின் மணம் சில வாரங்களில் திரும்பி வந்ததற்கும் இது பொருந்துகிறது.

மூளைக்குள்ளும் இதற்குப் பக்கத்துக் கதைதான். 2022-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மிஷெல் மோன்ஜே, யேல் பல்கலைக்கழகத்தின் அகிகோ இவாசாகி குழுவினர் எலிகளின் சுவாசப் பாதையில் மட்டும் லேசான தொற்றை உண்டாக்கினார்கள். மூளையில் வைரஸ் இல்லை. ஆனால் தொற்று வந்து ஏழு வாரம் ஆன பிறகும், உடம்பின் எதிர்ப்பு அமைப்பு அனுப்பும் சிசிஎல்11 என்ற செய்தி மூலக்கூறு ஏறியே இருந்தது. மூளையில் குப்பை அள்ளும் காவல் செல்களான மைக்ரோகிளியா உசுப்பேறிக் கிடந்தன. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் பிறப்பது குறைந்திருந்தது. நரம்பிழைக்கு மையலின் உறை போடும் செல்களும் குறைந்திருந்தன. உறை தேய்ந்தால் செய்தி மெதுவாகத்தான் போகும். கீமோதெரபி எடுத்தவர்கள் சொல்லும் மறதியிலும் மோன்ஜே முன்பே பார்த்த காட்சி இது.

சரி, மனநலம்? ‘கொரோனா வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மன அல்லது நரம்புப் பாதிப்பு’ என்று 2021-ல் தலைப்புகள் அலறின. ஆக்ஸ்ஃபோர்டு குழு சுமார் 2.36 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. ஆனால் அதில் பழைய பிரச்சினை மீண்டும் பதிவானவர்களும் சேர்த்தி. முதல்முறையாக வந்தவர்கள் சுமார் 13 சதவீதம். அதுவும் குறைவில்லை, ஆனால் தலைப்பில் இதைப் போட யாருக்கு மனம் வரும்?

அதே குழு அடுத்த ஆண்டு கொரோனா வந்த சுமார் 12.8 லட்சம் பேரை, வேறு சுவாசத் தொற்று வந்தவர்களோடு ஒப்பிட்டது. பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது இரண்டு மாதத்துக்குள் மறைந்துவிட்டது. மூளை மூட்டமோ இரண்டு ஆண்டு ஆன பிறகும் கூடுதலாகவே இருந்தது. கவலையும் மறதியும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய திருப்பம்.

2024-ல் இங்கிலாந்தில் சுமார் 1.13 லட்சம் பேருக்கு ஆன்லைனில் நினைவாற்றல், சிந்தனைத் தேர்வு வைத்தார்கள். அறிகுறி தீராதவர்களின் மதிப்பெண்தான் தெளிவாகச் சரிந்திருந்தது. மாதக்கணக்கில் அவதிப்பட்டு அப்புறம் தேறியவர்களோ, சீக்கிரம் தேறியவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள்.