ஆராய்ச்சி நிதி விண்ணப்பம்: கலைப்புலப் பேராசிரியர்கள் எங்கே தவறவிடுகிறார்கள்?

வட சென்னைக் கல்லூரிகளின் வரலாறு, சமூகவியல், பொருளியல், தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும்போது உடனிருந்து உதவுவது பல ஆண்டுகளாக என் தொழில். நிராகரிக்கப்பட்டுத் திரும்பிய விண்ணப்பங்களைப் படிப்பதிலேயே அதில் பெரும்பகுதி கழிகிறது. எழுதியவருக்குப் பொருள் தெரியாததால் தோற்ற விண்ணப்பத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எதைக் கண்டறியப் போகிறோம், அதற்கு என்ன வேலை, என்ன செலவு என்பதைச் சொல்லாமல் விட்டதால் தோற்றவைதான் ஏராளம்.

வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஒருவர், 'தமிழகத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்ற தலைப்பில் நாற்பது பக்க விண்ணப்பத்துடன் வந்தார். முதல் பன்னிரண்டு பக்கங்களுக்கு இங்கிலாந்தின் தொழிற்புரட்சியே ஓடியது. தேநீர் குடிக்கும்போதுதான், தம் தந்தை பெரம்பூர் பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக்) துணி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர் என்றும், 1996இல் மில் மூடப்பட்ட பிறகு அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டுத்தான் தம்மைப் படிக்க வைத்தார் என்றும், அந்தத் தெருவில் பாதி வீடுகளின் கதை அதுதான் என்றும் சொன்னார். இது ஏன் விண்ணப்பத்தில் இல்லை என்று கேட்டேன். "இதெல்லாம் சொந்தக் கதை சார், ஆராய்ச்சி ஆகுமா?" என்றார்.

அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் உருவானதைப் பற்றியும், அங்கே நடந்த 1921 வேலைநிறுத்தத்தையும் அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரத்தையும் பற்றியும் ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். மில் மூடப்பட்ட பின் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன என்பதைப் பற்றிய எழுத்து அந்த அளவுக்கு இல்லை. ஆகவே அவருடைய தலைப்பு இப்படிச் சுருங்கியது: 1996க்குப் பின் பெரம்பூர், புளியந்தோப்பு மில் தொழிலாளர் குடும்பங்களில் வருமானப் பொறுப்பு பெண்கள் கைக்கு மாறியதா, மாறியிருந்தால் எந்தெந்த வேலைகளின் வழியாக? இந்தக் கேள்விக்கு இரண்டு ஆண்டுகளில் விடை தேட முடியும் என்று மதிப்பீட்டாளர் நம்புவார். முந்தைய தலைப்புக்கு ஓர் ஆயுள் போதாது.

கேள்வி சிறியதானால் ஆய்வும் சிறியதாகிவிடும் என்ற அச்சம் கலைப்புலத்தில் ஆழமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரும் எளிதில் கேட்க முடியாத கேள்விகள் வட சென்னையில் பணியாற்றுகிறவருக்குக் காலடியில் கிடக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீன் விற்கும் பெண்கள் எத்தனை நாள் கூடை தூக்கவில்லை, அந்த நாள்களில் கடன் எங்கிருந்து வந்தது என்பது பொருளியல் கேள்வி. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அறியும் காசிமேட்டுப் பெரியவர்களின் சொற்களில் எவையெல்லாம் விசைப்படகில் போகும் பிள்ளைகளின் பேச்சில் எஞ்சியிருக்கின்றன என்பது தமிழ்த் துறைக் கேள்வி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விண்ணப்பத்தை மதிப்பிடுகிறவர் கௌகாத்தியிலோ போபாலிலோ இருக்கலாம், காசிமேடு எங்கே இருக்கிறது என்று அவருக்கு ஒரு வாக்கியத்திலாவது சொல்லியாக வேண்டும்.

செலவுத் திட்டப் பக்கத்தைப் பெரும்பாலோர் கடைசி இரவில்தான் நிரப்புகிறார்கள். அந்தப் பேராசிரியையின் பட்டியலில் மடிக்கணினி, பிரிண்டர், எழுதுபொருள், பயணம், 'இதர செலவுகள்' என்று இருந்தது. நாற்பது பேரிடம் நேர்காணல் என்று ஆய்வு முறைப் பகுதியில் எழுதியவர், அவற்றைக் கேட்டு எழுதும் வேலைக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 60 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுத ஆறு மணி நேரம் பிடிக்கும். வாசலில் ஆட்டோ சத்தமும் குழாயடிச் சண்டையும் சேர்ந்தே பதிவாகும் நம் பகுதி வீடுகளுக்கு இது குறைவான மதிப்பீடுதான். ஆக 360 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் உழைத்தாலும் ஒருவருக்கு 60 வேலை நாள். கைபேசிச் செயலியே எழுதித் தந்துவிடாதா என்று கேட்பவர்கள், "இன்னாத்த சொல்றது, வூட்ல இருந்த துட்டெல்லாம்…" என்று தொடங்கும் பேச்சை அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

விண்ணப்பதாரர் களத்துக்குப் போய்ப் பழகியவரா என்பதை மதிப்பீட்டாளர் இந்தப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்கிறார். ஆய்வு முறையில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் செலவுப் பக்கத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். செலவுப் பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஆய்வு முறையில் ஒரு வேலை இருக்க வேண்டும். மடிக்கணினியை நான் எதிர்க்கவில்லை. அது முதல் வரியில் வந்து நிற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எங்கே விண்ணப்பிப்பது என்ற கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கேள்வி தெளிவானபின் அதற்கு எளிதாகவே விடை கிடைக்கும். 1969இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம், 1972இல் வந்த இந்திய வரலாற்று ஆராய்ச்சி மன்றம், 1977இல் வந்த இந்தியத் தத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை அனைவரும் அறிந்தவை. வீட்டுப் பரணில் பழைய சங்கக் கணக்கேடுகளோ கையெழுத்துப் படிகளோ இருப்பவர்கள், பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் மூல ஆவணம் நம் ஊரிலேயே இருக்கும், மின்படி மட்டுமே எடுக்கப்படும். கலை சார்ந்த ஆய்வு என்றால் பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்புக்குத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.

மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது, சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் கூர்மையாகச் சிந்திப்பவர் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும், எங்கோ படித்த வாக்கியங்களின் துணையை நாடிவிடுகிறார். ஆகவே என்னிடம் வருபவர்களை முதலில் இரண்டு பக்கம் தமிழில், அண்ணன் மகனுக்குச் சொல்வதுபோல் எழுதச் சொல்கிறேன். அதன்பின் நடக்கும் மொழிபெயர்ப்பில் எது தடுமாறுகிறதோ, அங்கே பெரும்பாலும் கருத்தே தெளிவாக இருப்பதில்லை.

கல்லூரியின் பங்கையும் சொல்ல வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்கிறது 2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' குழுவுக்கான கோப்புகளும் தேர்வுப் பணியும் அதற்கு மேல். இவற்றுக்கிடையே எழுதி முடித்த ஒரு விண்ணப்பம், ஒரு கல்லூரியில் முதல்வரின் பரிந்துரைக் கடிதத்துக்காக மூன்று வாரம் மேசையில் கிடந்து கடைசித் தேதியைத் தாண்டிவிட்டது. ஆய்வுக்கு இடம் தருவோம், கணக்குத் தணிக்கைக்குப் பொறுப்பேற்போம் என்ற உறுதிமொழி அதில் இருந்ததால் கையொப்பமிட அலுவலகம் தயங்கியிருக்கிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்த உறுதிமொழியின் பொருளை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை, நானும் விளக்கவில்லை. இப்போதெல்லாம் விண்ணப்பத்தின் முதல் வரியை எழுதும் முன்பே, முதல்வருக்கும் அலுவலகக் கண்காணிப்பாளருக்கும் ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் கொடுத்துவிடுகிறேன்.

நிதி கிடைத்தபின் வருவது, பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ். அலுவலகங்களில் 'யூசி' என்றால்தான் புரியும். அது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது, கலைப்புலத்தவர் பலர் அறிக்கையை அருமையாக எழுதிவிட்டு இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். மீனவர்களைச் சந்திக்க விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போக வேண்டியிருந்த ஒரு பேராசிரியருக்கு அந்த நேரத்தில் ஆட்டோதான் கதி. ஆட்டோக்காரரோ ரசீது தருவதில்லை. பேராசிரியர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், சந்தித்தவர், கொடுத்த தொகை என்று கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் இறங்கிய இடத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டு, மாதக் கடைசியில் துறைத் தலைவரின் கையொப்பத்தையும் வாங்கி வைத்தார். தணிக்கையாளர் முதல் நாள் அந்த நோட்டை ஐயத்தோடுதான் புரட்டினார். நேர்காணல் தேதிகளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் ஏற்றுக்கொண்டார்.