பனிமலர் அல்ல, உறைநீர் இதழ்

பனிமலர் என்று பெண் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம், அழகாகத்தான் இருக்கும். குளிர்காலத்தில் சில காட்டுச் செடிகளின் தண்டிலிருந்து சுருள் சுருளாகப் பிதுங்கி வரும் ஐஸ் நாடாவுக்கு அதைச் சூட்டுவதுதான் எரிச்சல். இங்கே கோலாலம்பூரில் தொலைக்காட்சியில் இயற்கை நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும், கீழே ஓடும் தமிழ் வரியில் அதே பனிமலர்.

அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும் வெர்பெசினா வெர்ஜினிகா இதற்குப் பேர்போனது. முதல் கடுங்குளிர் இரவில் காற்று உறைநிலைக்குக் கீழே போயிருக்கும், மண் உறைந்திருக்காது. வேரிலிருந்து ஏறும் நீர் தண்டின் ஓரத்தில் உறையும். அடுத்து உறைவது முன்னதைத் தள்ளும். தண்டின் தோல் கிழிந்து மெல்லிய ஏடாக வெளியே வரும். வெயில் ஏறினால் போயிற்று.

இதில் பனி எங்கே? பனி என்றால் நமக்குக் காற்றின் ஈரம். முன்பனி, பின்பனி என்பதும் கேமரன் மலையில் கண்ணை மறைப்பதும் அதுதான். மலாய்க்காரர்கள் உறைபனியை ‘எம்புன் பெக்கு’, அதாவது உறைந்த பனித்துளி என்பார்கள். அதுவும் காற்றிலிருந்து படிவதே. இதுவோ செடிக்குள்ளிருந்து வரும் தண்ணீர். ஆகவே ‘உறைபனிப் பூ’ என்று திருத்துகிறவர்களும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

மலர் இன்னும் மோசம். அந்தச் செடி இலையுதிர் காலத்தில் நிஜமாகவே வெள்ளையாகப் பூக்கும். ‘இதன் பனிமலர் வெள்ளை’ என்று எழுதினால் படிப்பவர் எதை நினைப்பார்? துருவக் கடலின் புது ஐஸ்மேல் நீராவி படிந்து முளைக்கும் படிகக் கொத்துக்கும் இதே பெயர்தான். அங்கே பனியாவது பொருந்துகிறது, வைத்துக்கொள்ளட்டும்.

‘ஃப்ராஸ்ட் ஃபிளவர்’ என்ற ஆங்கிலப் பெயரை இரண்டாக உடைத்து, பாதிக்குப் பனி, பாதிக்கு மலர் என்று ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? ஜப்பானியர் இப்படி ஐஸ் நாடா விடும் தங்கள் ஊர்ச் செடியை ‘ஷிமோபாஷிரா’ என்கிறார்கள். ஈரமண்ணிலிருந்து ஊசி ஊசியாக எழும் ஐஸுக்கும் அதுவே பெயர். இரண்டு ஐஸும் ஒரே வகையில் உருவாகின்றன, பார்த்து வைத்திருக்கிறார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பாப் ஹார்ம்ஸ் ‘கிரிஸ்டலோஃபோலியா’ என்று லத்தீனில் கட்டியபோது அவரும் இலையைத்தான் எடுத்தார், பூவை அல்ல.

நான் எழுதுவது ‘உறைநீர் இதழ்’. இதழ் மட்டும் பூவுடையது இல்லையா என்று மடக்குவார்கள். வார இதழ், மாத இதழ் என்கிறோமே, அங்கே எந்தப் பூ? ஏடு என்ற பொருள் போதும். தூய தமிழ் வேண்டாம் என்பவர் ‘ஐஸ் இதழ்’ என்று எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.