கோ சேனலில் லென்: கண்காணிக்க மட்டும், முடிவெடுக்க அல்ல

கோ (Go) மொழியில் கோருட்டீன்கள் (ஒரே சமயத்தில் ஓடும் இலகுவான பணிகள்) தங்களுக்குள் தரவைக் கடத்தப் பயன்படுத்துவது சேனல். அதை லென் (len) ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அதன் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் உருப்படிகளின் எண்ணிக்கை வரும். கேப் (cap) ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் பஃபரின் கொள்ளளவு வரும். இரண்டையும் எந்த கோருட்டீனிலிருந்தும் லாக் போடாமல் அழைக்கலாம். ஒரே தரவைப் பலர் ஒரே சமயத்தில் தொடும் பிழையைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரும் எச்சரிக்காது. அதனால்தான் கீழே சொல்லும் பிழை கோட் ரிவ்யூவில் கண்ணில் படாமல் போகிறது.

"லென் 0-க்கு மேல் இருந்தால் எடு, இல்லையென்றால் வேறு வேலையைப் பார்" என்று எழுதியிருப்பார்கள். சேனலில் ஒரே ஒரு உருப்படி. எடுக்க இரண்டு ஒர்க்கர்கள் (சேனலிலிருந்து எடுத்து வேலை செய்யும் கோருட்டீன்கள்). இரண்டுமே லென்னைக் கேட்கின்றன, இரண்டுக்கும் 1 என்றே வருகிறது. ஒன்று எடுத்துக்கொண்டு போய்விடும். மற்றது எடுக்கப் போன இடத்திலேயே பிளாக் ஆகி, அடுத்த உருப்படி வரும்வரை நகராமல் நிற்கும். எடுப்பது ஒரே கோருட்டீன் என்றால் இந்தச் சோதனை சரியாகவே ஓடும். லோடு கூடி ஒர்க்கரை இரண்டாக்கும் நாளில்தான் சிக்கும். அனுப்பும் பக்கத்தில் லென்னையும் கேப்பையும் ஒப்பிடுவதிலும் இதே ஆபத்து உண்டு.

சரியான வழி, செலக்ட் (select) கட்டளைக்குள் ரிசீவை, அதாவது சேனலிலிருந்து எடுப்பதை, ஒரு கேஸாக வைத்து, எடுக்க எதுவும் இல்லாதபோது ஓடும் டிஃபால்ட்டையும் கூடவே சேர்ப்பது. இருக்கிறதா என்று பார்ப்பதும் எடுப்பதும் அங்கே ஒரே செயல். நடுவில் யாரும் புக முடியாது. சேனல் மூடப்பட்டதா என்பதை லென் சொல்லாது, ரிசீவ் தரும் இரண்டாவது மதிப்புதான் சொல்லும்.

இதைவிட மோசமானது, லென் 0 ஆகும்வரை காத்திருந்து ப்ராசஸை நிறுத்துவது. கடைசி உருப்படியை ஒர்க்கர் எடுத்த நொடியே லென் 0 ஆகிவிடும். டேட்டாபேஸில் எழுதும் வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும். அந்தப் பதிவு போனது போனதுதான். சேனலை மூடிவிட்டு, வெயிட்குரூப் (பல கோருட்டீன்கள் முடிவதற்குக் காத்திருக்க உதவும் கருவி) வைத்து எல்லா ஒர்க்கரும் முடியும்வரை காத்திருங்கள். பஃபர் இல்லாத சேனலுக்கும் நில் (nil, இன்னும் உருவாக்கப்படாத) சேனலுக்கும் லென் எப்போதும் 0 என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய கோடில், குறித்த நேரம் முடிந்ததும் தகவல் தரும் டைமர் சேனலின் லென்னைப் பார்க்கும் வரிகள் இருந்தால் உடனே மாற்றுங்கள். கோ 1.23 முதல் டைமர் சேனல்கள் பஃபர் இல்லாத சேனல்போல நடந்துகொள்கின்றன. ப்ராஜெக்டின் கோ பதிப்பைக் குறிக்கும் கோ.மாட் (go.mod) கோப்பில் 1.23.0 அல்லது அதற்கு மேல் குறித்திருந்தால் அந்த லென் 0 மட்டுமே தரும்.

டாஷ்போர்டில் காட்ட லென் அருமையான அளவு. ஆனால் கொள்ளளவு 100 என்றால், வெளியே 400 கோருட்டீன்கள் அனுப்பக் காத்திருந்தாலும் அது 100-ஐத் தாண்டாது. எனவே ஒவ்வொரு அனுப்பலும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையும் சேர்த்தே பதியுங்கள்.