மறதி நோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு சளி மருந்து வாங்குறதுக்கு முன்னாடி

டிமென்ஷியா இருக்குற அப்பா, அம்மா, பாட்டிய வீட்ல வச்சு பாத்துக்குறவங்க இத கண்டிப்பா படிங்க. நான் சிங்கப்பூர்ல பார்மசிஸ்ட், கவுன்ட்டர்ல அடிக்கடி பாக்குற விஷயம் இது.

மூளையில ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் வேணுங்குற ஒரு ரசாயனம் அசிடைல்கோலின். ஒரு நரம்பு செல் அடுத்ததுக்கு சேதி சொல்லி முடிச்ச உடனே அத உடைக்கிறதுக்குன்னே அங்க ஒரு என்சைம் இருக்கு, பேரு அசிடைல்கோலினெஸ்டரேஸ், நொடிக்கு ஆயிரக்கணக்குல உடைச்சு தள்ளும். டிமென்ஷியாவுல ஒரு வகையான அல்சைமர்ல இந்த ரசாயனத்த சுரக்குற செல்லே குறைஞ்சுடுது, இருக்குற கொஞ்சத்தையும் என்சைம் உடைச்சா என்ன மிஞ்சும்? அதான் டோனெபெசில் மாதிரி மாத்திரை அந்த என்சைம தடுக்குது. நோய குணமாக்காது, ஆனா சிலருக்கு கொஞ்ச காலம் கவனமும் பேச்சும் பரவாயில்லாம இருக்கும், வீட்ல உள்ளவங்களுக்கு அது சின்ன விஷயமில்ல.

இப்ப பாட்டிக்கு சளி, இல்ல ராத்திரி தூங்கல, மக வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில விட்டு இறங்குற வழியில குளோர்பெனிரமின் மாத்திரையோ டைபென்ஹைட்ரமின் கலந்த இருமல் மருந்தோ வாங்கிட்டு போறாங்க. இந்த மருந்துங்க அசிடைல்கோலின் போய் உக்கார வேண்டிய இடத்தையே அடைச்சுக்கும். ஒரு மாத்திரை அத சேத்து வைக்குது, இன்னொன்னு வேலை செய்ய விட மாட்டேங்குது. குழப்பம் கூடும், மலச்சிக்கல், ஒன்னுக்கு போக முடியாது, தடுமாறி விழுவாங்க. வீட்ல "நோய் முத்திடுச்சு"ன்னு நினைச்சு அழறாங்க, எனக்கு அதான் தாங்கல.

இன்னொன்னும் நடக்குது. டோனெபெசிலே சிலருக்கு ஒன்னுக்க அடக்க முடியாம பண்ணும், அதுக்குன்னு வேற கிளினிக்குல ஆக்ஸிபியூட்டினின் வாங்குனா திரும்ப அதே கததான், அதுவும் அசிடைல்கோலினோட இடத்த அடைக்குற மருந்து. ஆஸ்பத்திரி ஒரு மருந்து, பாலிகிளினிக் ஒரு மருந்து, புளோக்குக்கு கீழ இருக்குற டாக்டர் ஒரு மருந்து, எல்லாத்தையும் எடுத்து குடுக்குறது வீட்டு வேலைக்கு இருக்குற ஹெல்பர். அதனால வீட்ல இருக்குற எல்லா மருந்தையும், சீன மருந்து நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில போட்டு பார்மசிஸ்ட்கிட்ட கொண்டு வாங்க. சளிக்கு லொராடடின் மாதிரி தூக்கம் வராத மருந்து பெரும்பாலும் பரவாயில்ல, ஆனா கேட்டுட்டு வாங்குங்க.

ராத்திரி கெட்ட கனவுன்னா டோனெபெசில காலையில மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. தலைசுத்தி மயங்கி விழுந்தா மட்டும் காத்திருக்க வேணாம், இந்த மருந்து நாடித்துடிப்ப குறைக்கும், உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.